பிசியும் பிள்ளைகளும்: போர்கோ வெக்கியோவை முன்வைத்து அணிக் கல்வி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில், பழைய நகர மதிலுக்குப் புறத்தே துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த குடியிருப்பு போர்கோ வெக்கியோ. கடலை நம்பி வாழ்ந்தோர் நிறைந்த அப்பகுதியில், மாலுமி ஒருவரின் மகனாக 1841ஆம் ஆண்டு பிறந்தவர் ஜுசெப்பே பித்ரே. தொழிலால் அவர் மருத்துவர். நோயாளிகளின் இல்லங்களுக்குக் குதிரை வண்டியிற் செல்லும்போதே வண்டிக்குள் அமர்ந்து குறிப்பெழுதிய உழைப்பாளி. 1871 முதல் 1913 வரை 25 தொகுதிகளாக வெளிவந்த அவரது சிசிலிய நாட்டார் மரபு நூல்வரிசையில், 1883இல் சிறுவர் விளையாட்டுகளுக்கென ஒரு தொகுதியும், 1897இல் விடுகதைகளுக்கும் நாப்பிறழ் தொடர்களுக்கும் என மற்றொரு தொகுதியும் இடம்பெற்றன. தமிழில் அணி கற்பித்தலின் வரலாற்றை ஆராய்வோருக்கு இவ்விரு தொகுதிகளும் எதிர்பாராத துணையாகின்றன. பிள்ளை உவமையையும் உருவகத்தையும் முதலிற் பழகிய இடம் பள்ளியன்று, விளையாட்டே என்பதை அவை நினைவூட்டுகின்றன.

இவ்வுண்மை தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணும் வகைகளுள் பிசியும் ஒன்று. அதனை இரண்டாகப் பகுக்கும் தொல்காப்பியர், ஒப்புமையோடு கூடி வருவதை முதல் வகையாகக் கொள்கிறார்; சொல்லப்பட்டதைக் கொண்டு சொல்லப்படாத பொருளைத் துணிவது இரண்டாவது வகை. முதல் வகைக்குப் பழைய உரை காட்டும் சான்று, பிறையைக் கவ்விய மலையொன்று நடந்துசெல்வதாகக் கூறி யானையை உணர்த்துவது. இங்கே உவமேயம் மறைக்கப்பட்டுள்ளது. கேட்போன் மலையின் பருமையையும் பிறையின் வளைவையும் தனித்தனியே எண்ணிப் பார்த்து, இரண்டும் ஒருங்கே பொருந்தும் உயிர் எதுவெனத் தேட வேண்டும். உவமவியல் வகுத்த வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் மெய்யும் உருவும் இத்தேடலில் தாமே தொழிற்படுகின்றன. அவற்றின் பெயரைப் பிள்ளை அறிந்திருக்க வேண்டிய தேவையில்லை. உருவகம் என்பது விடை கூறப்பட்ட பிசி என்றால் அது மிகையாகாது. நல்ல விடுகதைகளிலிருந்து நல்ல உருவகங்களைப் பெறலாம் என அரிஸ்டாட்டிலும் தம் அணியியல் நூலிற் குறித்துள்ளார்.

வடமொழி அணியியல் வேறொரு பார்வையைத் தருகிறது. தண்டியாசிரியர் காவியாதரிசத்தில் பிரகேளிகை எனப்படும் புதிரைப் பதினாறு வகையாக விரித்து, விளையாட்டு அவைகளில் மகிழ்வூட்டவும் பிறரை மயக்கவும் அது பயன்படும் என்கிறார். அவர் எண்ணத்தில் இருந்தவர்கள் கற்றறிந்த பெரியோர், பிள்ளைகள் அல்லர். அணியிலக்கணக் கல்வி பொதுவாகவே முதிர்ந்த மாணாக்கர்க்கு உரியதாயிருந்தது. பிற்காலப் பள்ளிப் பாடநூல் அதே இலக்கணத்தைச் சுருக்கிச் சிறுவரிடம் கொண்டுசென்றபோது, வரையறை முன்னும் எடுத்துக்காட்டு பின்னுமாக நின்றன. ‘போல’ என்னும் உருபு வந்தால் உவமை, வராவிடின் உருவகம் என்று மனனம் செய்த மாணவன், தானாக ஓர் உவமை சொல்லத் தயங்குவதில் வியப்பில்லை.

இதற்கு மாறாக, யாழ்ப்பாணத்தில் நொடி என்றும் தென்பாண்டி நாட்டில் அழிப்பாங்கதை என்றும் வழங்கிய விடுகதை, மாலைப் பொழுதில் முதியோர் வாயிலிருந்து பிள்ளைகளுக்கு வந்தது. அதில் தவறான விடைக்கும் மதிப்புண்டு. கதவில்லாத வெள்ளை வீடு எது என்று கேட்கையில் முட்டைக்கு மாறாக ஒரு பிள்ளை வெண்பூசணி என்றால், எல்லோரும் சிரிப்பார்கள். ஆயினும் ஒப்புமை ஒன்றை அப்பிள்ளை கண்டுவிட்டது. எனினும் இம்மரபைப் பொற்காலமாகக் காட்டுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. பல விடுகதைகளின் விடை முன்பே தெரிந்ததுதான். பலமுறை கேட்ட பிசி உருவகமாக இயங்காமல் கடவுச்சொல்லாகச் சுருங்கிவிடும். ஆதலின், இருப்பனவற்றைத் தொகுத்துப் பாடமாக்குவது மட்டும் போதாது.

சிசிலியில் பிறந்த மற்றொருவர் இச்சிக்கலைப் பள்ளிக்குள் எதிர்கொண்டார். கத்தானியா நகரத்தவரான ஜுசெப்பே லொம்பார்தோ ராதிச்சே 1923ஆம் ஆண்டு வகுத்த இத்தாலியத் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம், வட்டாரப் பழமொழிகளையும் விடுகதைகளையும் கதைகளையும் பொதுமொழிக்கு மாற்றும் பயிற்சியைச் சேர்த்துக்கொண்டது. வீட்டு மொழியை அழிக்காமல் அதனைப் படிக்கட்டாகக் கொள்வதே அதன் நோக்கம். இங்கே பிள்ளை விடையைக் கண்டதோடு நில்லாது, வேறு மொழியில் அப்பிசியை மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. பாசிச அரசு 1934ஆம் ஆண்டின் பாடத்திட்டத்தில் வட்டார வழக்குகளுக்கு இடமில்லாமற் செய்தது. பதினோராண்டே நிலைத்த அம்முயற்சி இன்றும் மறுவாசிப்புக்கு உரியது.

அதன் தேவை இன்று பலெர்மோத் தமிழரிடையே தெளிவாகத் தெரிகிறது. 1980களிலிருந்து ஈழத் தமிழர் அந்நகரிற் குடியேறினர். பெரும்பாலோர் வீட்டு வேலை செய்து வாழ்வை அமைத்தனர். நகரின் காவற்புனிதரான சாந்தா ரொசாலியாவின் குகைத்திருத்தலத்துக்கு, சைவரும் கத்தோலிக்கருமாக அவர்கள் பெல்லெக்ரீனோ மலையேறுவதை இத்தாலிய ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். அவர்தம் பிள்ளைகள் பள்ளியில் இத்தாலியமும் தெருவிற் சிசிலியமும் வீட்டில் தமிழும் கேட்டு வளர்பவர்கள். சுளகு, உலக்கை, துலா, பனங்குருத்து ஆகியவற்றை விடையாகக் கொண்ட நொடிகள் அவர்களுக்கு இருமடங்கு இருள். காணாத பொருளைக் காணாத பொருளால் எவ்வாறு உணர்வது? பெற்றோர் அப்பொருள்களை விளக்கலாம். ஆனால் விளக்கம் தொடங்கியவுடன் விளையாட்டு முடிந்துவிடுகிறது.

உறுப்புகளைப் பற்றிய பிசிகள் இடம் கடந்தவை. முப்பத்திரண்டு காவலரிடையே ஆடும் ஒருத்தியாக நாவைக் கூறுவது பலெர்மோவிலும் புரியும். அதனினும் வளமானவை இரு நிலத்துக்கும் பொதுவான பொருள்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளிச் செடி சிசிலியின் சரிவுகளிலும் தமிழகத்தின் வறண்ட நிலங்களிலும் வேலியாகி நிற்கிறது; அதன் பழத்தைப் பலெர்மோத் தெருக்களில் முள்நீக்கி விற்கிறார்கள். முள்சட்டைக்குள் ஒளிந்த இனிப்புக்காரன் என ஒரு பிள்ளை அதனைத் தமிழிற் சொல்லி, தன் இத்தாலிய நண்பனிடம் அவன் மொழியிலும் கேட்கலாம். கணவாய் யாழ்ப்பாணக் கரைக்கும் சிசிலிக் கரைக்கும் பொது உணவு. மைக்கூட்டை வயிற்றிற் சுமந்தும் ஒரு வரி எழுதாதவன் யார் என்று கேட்டால், போர்கோ வெக்கியோச் சந்தையின் மீன்தட்டைப் பார்த்த எந்தப் பிள்ளையும் விடைக்கு ஏட்டைத் தேடாது. அடுத்து அப்பிள்ளையிடம் கேட்கத் தக்கது அணியின் பெயரன்று. தட்டிலுள்ள அடுத்த மீனுக்கு ஒரு பிசி.