கம்பம் பள்ளத்தாக்கு மின்னுற்பத்தி

கம்பம் பள்ளத்தாக்கு மின்னுற்பத்தி என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் பெறப்படுவதைக் குறிக்கும். இவ்விரண்டும் பெரிதும் தென்மேற்குப் பருவக்காற்றைச் சார்ந்தவை ஆகும்.

நீர்மின்சாரம்

முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலைச் சுரங்கம் வழியாகத் திருப்பப்பட்டு, லோயர் கேம்ப்பில் உள்ள பெரியாறு நீர்மின் நிலையத்தை இயக்குகிறது. 1950களின் இறுதியில் உற்பத்தியைத் தொடங்கிய இந்நிலையம் தலா 35 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்களுடன் அமைந்தது. பின்னர் திறன் உயர்த்தப்பட்டது. வெளிவரும் நீரே பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்களுக்குப் பாய்கிறது. எனவே பாசனத்திற்குத் திறக்கப்படும் நீர் குறைந்தால் மின்னுற்பத்தியும் குறையும்.

காற்று மின்சாரம்

கம்பம் கணவாய் வழியாக வீசும் காற்றைக் கொண்டு ஆண்டிபட்டி உள்ளிட்ட பகுதிகளில் காற்றாலைகள் இயங்குகின்றன. மே முதல் செப்டம்பர் வரை உற்பத்தி மிகுதி. கோடையின் தொடக்கத்தில் நீர், காற்று இரண்டும் குறைவதால், அப்போது சூரிய மின்சாரம் துணையாக அமையும்.

மக்கள் பங்கேற்பு

இத்திட்டங்களுக்கான நிலம், நீர் பற்றிய கேள்விகளை ஊர்மக்கள் எழுப்புவதற்குரிய சட்டப்படியான மன்றம் கிராம சபை ஆகும். ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் இதன் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் நடத்தப்படுகின்றன. அவற்றுள் ஒன்று உலக நீர் நாளான மார்ச் 22 அன்று, அதாவது இப்பள்ளத்தாக்கில் நீரும் காற்றும் குறைந்திருக்கும் காலத்தில் கூடுகிறது. ஊராட்சியே மின்னுற்பத்தியில் இறங்கியதற்கு, 2006 இல் 350 கிலோவாட் காற்றாலை நிறுவிய கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை எடுத்துக்காட்டாகும்.