கொடையும் கணக்கும்

காஞ்சிபுரம் வட்டாரத்தை ஏரிகளின் நாடு என்பர். பெருநகர்ப் பகுதியிலிருந்து உத்திரமேரூர் நோக்கிச் செல்லும் எவரும் அப்பெயரின் பொருத்தத்தை உணர்வர். கோடையில் நீர் வற்றியபின் ஏரிகளின் உள்வாயில் கருவேல மரங்கள் நிற்பதைக் காண்கிறோம். அவற்றை நட்டவர் யார், நடுவதற்குப் பணம் தந்தவர் யார், வெட்டி விற்ற பணம் எங்கே சென்றது என்று வினவினால் எளிதில் விடை கிடைப்பதில்லை. மரம் கண்முன் நிற்கிறது. அதன் கணக்கு மட்டும் ஊரின் நினைவில் இல்லை. இந்நிலை எவ்வாறு வந்தது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

கணக்கைப் பற்றிப் பேச உத்திரமேரூரைவிடத் தகுந்த ஊர் வேறில்லை. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில் 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் அவ்வூரின் குடவோலை முறையை விளக்குகின்றன. முப்பது குடும்புகளிலிருந்து ஓலை எடுத்துத் தேர்ந்தவர்களுள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திலும், பன்னிருவர் தோட்ட வாரியத்திலும், அறுவர் ஏரி வாரியத்திலும் அமர்ந்தனர். அவர்களது பணிக்காலம் 360 நாள். ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியம் இருந்ததை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் அதே கல்வெட்டில் உள்ள வேறொரு விதியை நாம் அதிகம் நினைப்பதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் ஓலையில் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழந்தனர்.

அக்காலத்திலும் கொடை வெளியிலிருந்து வந்ததுண்டு. ஏரியைத் தூர்வாரவும் கரையைக் காக்கவும் பொன் அளித்த செய்திகள் பல்லவ, சோழர் கல்வெட்டுகளில் பலவாக உள்ளன. அப்பொன்னைச் சபை ஏற்று, முதலைக் கரைக்காமல், அதன் பலிசையாகிய வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் வேலை செய்தது. கொடுத்தவர் மறைந்த பின்னும் கொடை வேலை செய்துகொண்டிருந்தது. எனினும் அக்காலத்தை நாம் அளவு கடந்து புகழ வேண்டியதில்லை. அது பிரமதேய ஊர்ச் சபை. சொந்த நிலமும் மறைக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடமிருந்தது. ஏரியில் மண் சுமந்தவர்களுக்கு ஓலையில் பெயரில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளின்மீது அரசின் உரிமையை நிலைநாட்டியது. ஊர்மக்களின் மேய்ச்சலும் விறகும் அனுமதி பெற வேண்டியவை ஆயின. விடுதலைக்குப் பின், விறகுப் பஞ்சத்தைத் தீர்க்க ஏரி உள்வாய்களில் கருவேலம் வளர்க்கும் வழக்கம் தமிழகத்தில் பரவியது. 1976-இல் தேசிய வேளாண்மை ஆணையம் சமூகக் காடுகள் என்ற கருத்தை வலியுறுத்தியது. 1981-இல் சுவீடன் நாட்டின் வளர்ச்சி உதவி நிறுவனமான சீடாவின் நிதியுதவியோடு தமிழகத்தில் சமூகக் காடுகள் திட்டம் தொடங்கிற்று. புறம்போக்கு நிலங்களிலும் ஏரிகளிலும் வனத்துறை மரம் நட்டது. விளைந்த மரத்தை ஏலம் விட்டு வருவாயில் ஒரு பங்கை ஊராட்சிக்கு அளிப்பதென ஏற்பாடு.

மரங்கள் நன்றாகவே வளர்ந்தன. பச்சை போர்த்த ஏரிகளை இன்றும் காண்கிறோம். ஆனால் ஊராட்சிக்குப் பங்கு என்ற சொல்லை நாம் நிறுத்திப் படிக்க வேண்டும். தமிழகத்தில் 1970-க்குப் பின் ஊராட்சித் தேர்தல் நடந்தது 1986-இல், அதற்கடுத்தது 1996-இல். ஆகவே திட்டத்தின் முதல் ஐந்தாண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன. பங்கு ஊராட்சிக்கு உரியதாயினும், அதைப் பெற்றுச் செலவிட்டுக் கணக்குச் சொல்ல மக்கள் தேர்ந்தெடுத்தவர் எவருமிலர். ஆடு மேய்க்கும் ஏழைக்கோ, நட்ட இடம் சில ஆண்டுகளுக்கு அடைபட்ட இடமாயிற்று. ஏல மரம் நகரத்துக்குச் சென்றது. சுள்ளி பொறுக்கும் பெண்ணின் சுமை குறைந்ததா என்று கேட்பாரில்லை.

இக்குறையை அரசும் உணராமலில்லை. 1990 சூன் முதல் நாள் மத்திய அரசு வெளியிட்ட சுற்றறிக்கை, காட்டைக் காப்பதில் ஊர்மக்களையும் பங்காளிகளாக்கும்படி மாநிலங்களைப் பணித்தது. 1997-இல் ஜப்பானின் கடனுதவியுடன் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியபோது கிராம வனக் குழுக்கள் அமைந்தன. தடுப்பணைகளும் கசிவு நீர்க் குட்டைகளும் ஏற்பட்டன. எனினும் குழுவின் செயலாளர் பொறுப்பு வனத்துறை அலுவலரிடமே இருந்தது. பணமோ, ஊருக்குக் கொடை போல் வந்தாலும், மாநிலம் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனே.

அண்டை நாடான நேபாளத்தின் அனுபவம் இங்கே நமக்கு உதவும். அங்கும் 1970-களின் இறுதியில் அயல்நாட்டு நிதியோடுதான் சமூகக் காடுகள் தொடங்கின. ஆனால் 1993-ஆம் ஆண்டு வனச் சட்டம் காட்டைப் பயனாளர் குழுக்களிடமே ஒப்படைத்தது. நிலம் அரசுடையது, விளைச்சலின் வருவாய் குழுவின் நிதி. அதில் குறைந்தது 25 விழுக்காட்டைக் காட்டுக்கே செலவிட வேண்டும் என்று விதியும் செய்தனர். இன்று அங்கே 20,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் உள்ளன. வசதியுள்ளோரின் கை ஓங்குவது அங்கும் உள்ள குறையே. ஆயினும் கொடை நின்ற பின்னும் நிற்கும் ஒரு நிதியும், அதைக் குறித்துக் கேள்வி கேட்க உரிமையுள்ள ஒரு கூட்டமும் அங்கே உண்டு.

நம் மாவட்டத்தின் அண்மைக்கால வரலாறு இதை இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு, மாநிலத்தின் பெரும்பகுதியில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களோ 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. குடவோலை முறையைக் கல்லில் பொறித்த மண்ணில் ஐந்தாண்டுகள் ஊராட்சித் தலைவரே இல்லை. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலப் பரப்பில் 33 விழுக்காட்டை மரங்களால் நிரப்ப விழைகிறது. நோக்கம் நன்று, கன்றும் நிதியும் வரும். வந்தவற்றை ஏற்று நடத்தும் சபை ஊரில் உயிரோடிருக்கிறதா என்பதே நம் கவலை.

அச்சபை நம்மிடம் இல்லாமலில்லை. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் வாக்காளர் அனைவரையும் கிராம சபையின் உறுப்பினராக்கியிருக்கிறது. உத்திரமேரூரில் அன்று ஓலையில் இடம்பெறாத பெண்ணும் நிலமற்றவரும் இதில் அமரலாம். குடியரசு நாளிலும் மே நாளிலும் சுதந்திர நாளிலும் காந்தி பிறந்த நாளிலும் அது கூடுகிறது. அங்கே எத்தனை கன்று நட்டீர்கள் என்று கேட்பது போதாது. எத்தனை பிழைத்தன, காவலுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், ஏலத் தொகை எங்கே என்று கேட்க வேண்டும்.

பங்கின் காணிக்கைக் கணக்கை மக்கள் முன் வாசிக்கும்போது நம் குரல் சற்றே தடுமாறுவதுண்டு. பிறர் பணத்தைக் கையாள்பவர்க்கு அத்தடுமாற்றம் நல்லது. ஏரியில் நிற்கும் மரமும் பிறர் கொடையில் வளர்ந்ததே. அடுத்த கூட்டத்தில் அதன் கணக்கையும் ஒருவர் எழுந்து கேட்கட்டும். அவர் நம்முள் ஒருவராய் இருக்கட்டும்.