மலைநாட்டின் உர விற்பனைப் பிரதிநிதிகள்

தொண்ணூறுகளில் கண்டியில் செய்தியாளனாக இருந்தபோது, மாரஸ்ஸன பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் ஒரு காட்சியை அடிக்கடி கண்டிருக்கிறேன். மோட்டார் சைக்கிளில் வந்திறங்கும் கம்பனிப் பிரதிநிதி, நோய் கண்ட தக்காளி இலையைத் திருப்பிப் பார்த்து மருந்தொன்றின் பெயரைச் சொல்வார். விவசாயி அதைக் கவனமாகக் கேட்டுக்கொள்வார். விவசாயத் திணைக்களத்தின் தலைமையகமோ அதே மாவட்டத்தில், பேராதனையில் இருக்கிறது. அப்படியிருக்க, ஆலோசனை சொல்லும் பொறுப்பு விற்பனையாளர் கைக்கு வந்தது எவ்வாறு?

இலங்கையில் உர வியாபாரம் பழையது. சுவிட்சர்லாந்துக்காரரான அல்பிரட் பவர் 1897இல் இங்கு தமது உரத் தொழிலைத் தொடங்கினார். ஆயினும் அன்றைய வியாபாரம் பெரும்பாலும் தோட்டத் துரைமாரோடு நின்றுவிட்டது. கிராமத்து விவசாயியைத் தேடிச் சென்றவர்கள், 1912இல் அமைக்கப்பட்ட விவசாயத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்களே.

1987இல் பதின்மூன்றாவது திருத்தம் வந்து, விவசாய விரிவாக்கப் பணி மாகாண சபைகளுக்குப் பிரிந்தது. 1989இல் அதனினும் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. கிராம மட்டத்தில் பணியாற்றிய 2,000க்கும் மேற்பட்ட விரிவாக்க ஊழியர்கள் ஒரேயடியாகக் கிராம உத்தியோகத்தர்களாக மாற்றப்பட்டனர். நேற்றுவரை நாற்றங்காலைப் பார்த்தவர் மறுநாள் வாக்காளர் இடாப்பைப் பார்க்கப் போனார். எஞ்சிய விவசாயப் போதனாசிரியர்களால் அத்தனை வயல்களுக்கும் போக இயலவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கம்பனிகளின் பிரதிநிதிகள் பெருகினர் என்பது என் கணிப்பு.

பேராதனைப் பட்டதாரிகளுக்கும் குண்டசாலை விவசாயக் கல்லூரியில் டிப்ளோமா பெற்றவர்களுக்கும் இது ஒரு வாசலைத் திறந்தது. தமிழும் சிங்களமும் தெரிந்த தோட்டப்புற இளைஞர்களுக்கும் இதில் இடமிருந்தது. கடைக்காரரோடு ஒரு மொழியிலும் தோட்டக்காரரோடு மறுமொழியிலும் பேசத் தெரிந்தவர் கம்பனிக்கு வேண்டியவர் அல்லவா? ஆனால் விற்பனை இலக்கை எட்டினால்தான் கொமிஷன். மருந்தே தேவையில்லை என்று சொல்லும் பிரதிநிதிக்கு அதில் இலாபமில்லை. நல்ல மனிதர்களையும் சங்கடத்தில் வைத்த தொழில் அது.

2021 மே மாதம் இரசாயன உரத்தினதும் கிருமிநாசினிகளினதும் இறக்குமதி வர்த்தமானி அறிவித்தல் ஒன்றினால் தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்படுவதற்குள் கடைகளின் இறாக்கைகள் வெறுமையாகிவிட்டன. எனக்குத் தெரிந்த பிரதிநிதி ஒருவர் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் நம்பி அந்த மாதங்களை ஓட்டினார். விற்பதற்கு அவரிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்தும், இலை பழுத்துவிட்டது என்ன செய்யலாம் என்று விவசாயிகள் அவரையே தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார்கள்.