கலஹா மலையும் கடல் கடந்த யாத்திரையும்

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் வீதிக்குக் கலஹா வீதி என்பது பெயர். 1952 ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்த நாள்தொட்டு, அவ்வீதியில் நடந்து கல்வி முற்றிய தமிழ் மாணவர் பலராவர். வீதியின் பெயருக்குரிய ஊரைக் கண்டோரோ அவருட் சிலரே. ஹந்தானை மலைச் சாரலைச் சுற்றி வளைந்தேறும் அவ்வழி கலஹாவை அடைந்து, அப்பால் தெல்தோட்டைப் பக்கமாகச் செல்கின்றது. அம்மலைப்புறத்திலேதான் லூல்கந்துர என்னுந் தோட்டம் உளது. இலங்கையிலே தேயிலை வாணிகப் பயிராக முதன்முதல் நடப்பட்டது அங்கேயே, ஆண்டு 1867, நிலம் 19 ஏக்கர்.

தேயிலையின் வரலாறு பலராலும் எழுதப்பட்டதொன்று. ஈண்டு ஆராயப்படுவது அதனோடு பிணைந்த பிறிதொரு பொருள். ஒருவர் தம் நாட்டைவிட்டுக் கடல் கடந்து, காட்சி காண்டலையே நோக்கமாகக் கொண்டு, மாதக்கணக்காகத் தனித்துத் திரிந்து, பின் வீடு திரும்பும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் பரவலாயிற்று. அவ்வழக்கம் கண்டி மலைகளை எட்டிய அதே பத்தாண்டில் தேயிலையும் அம்மலைகளிலே வேரூன்றியது. காண வந்தோரும், பொருள் தேட வந்தோரும், வயிறு வளர்க்க வந்தோரும் அங்கு ஒரே காலத்தில் இருந்தனர். அவர்களுள் விரும்பியபோது திரும்பிச் செல்ல வல்லவராயிருந்தோர் யாவர் என்பதே இங்கெழும் வினா.

தனித்து நெடுந்தூரஞ் சென்றோர் முற்காலத்தும் இருந்தனர். மொரொக்கோ நாட்டு இபுன் பத்தூத்தா 1325 இல் தன் ஊரினின்றுந் தனியனாகப் புறப்பட்டு, 1344 இல் இலங்கைக் கரையை அடைந்து, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினனாயிருந்து, சிவனொளிபாத மலைக்கு ஏறிய செய்தி யாவரும் அறிந்தது. அவன் கேட்டது ஒன்றே: பாதச் சுவட்டைத் தரிசிக்க வழிவிடல் வேண்டும் என்பது. மன்னன் பல்லக்கும் ஆட்களுங் கொடுத்து அனுப்பினான். இது தலயாத்திரை. இதனைப் பிற்காலத்துக் காட்சிப் பிரயாணத்தோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது.

காட்சிப் பிரயாணத்துக்கு வேண்டுவன வேறு: குறித்த நாளிற் புறப்படுங் கப்பல், விலைகொடுத்து வாங்கத்தக்க சீட்டு, இறங்கிய இடத்திற் படுக்கையும் உணவும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குறையாத வருவாய். 1867 இல் கொழும்பினின்றும் கண்டி வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1869 நவம்பரிற் சுயேசுக் கால்வாய் திறக்கப்பட்டது. 1872 இல் தோமஸ் குக் என்பவர் ஒரு சிறு குழுவினரை அழைத்துக்கொண்டு 222 நாட்களில் உலகைச் சுற்றிவந்தார். முன்னர் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி நான்கு மாதம் வரை கடலிற் கிடந்து வரவேண்டிய இலங்கை, இப்பொழுது சில வாரத் தொலைவில் வந்து நின்றது. கோப்பித் துரைமாரின் பொருட்டு அமைந்த வீதியும் பாலமும் தங்குமடமும் காட்சி காண வந்தோருக்கும் பயன்பட்டன என்பதை மறத்தலாகாது. பேராதனைப் பூங்காவைக் கண்டு வியந்தவர், கோப்பி மூட்டைகளை இறக்குதற்காக இட்ட தண்டவாளத்தின் மீதே அங்கு வந்து சேர்ந்தனர்.

அவ்வாறு வந்தோருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் மரியான் நோர்த் என்னும் ஆங்கிலப் பெண்மணியார். 1830 இற் பிறந்த இவர், பாராளுமன்ற உறுப்பினராயிருந்த தந்தையார் 1869 இல் இறந்தபின், மணஞ் செய்யாது, செல்வமும் தூரிகையுந் துணையாக உலகஞ் சுற்றப் புறப்பட்டார். அமெரிக்கா, யமேக்கா, பிரேசில், யப்பான், போர்ணியோ, யாவா முதலிய இடங்களைக் கண்டு 1876 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்தார். பேராதனையிலே பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்றிஸ் என்னும் அறிஞரைக் கண்டு அளவளாவி, அங்குள்ள தாளிப் பனையையும் பிறவற்றையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். வாழ்நாளில் ஒருமுறை மட்டும் பூத்து மடியுந் தாளிப் பனையை, ஓரிடத்தும் நிலையாகத் தங்காத இவர் விரும்பித் தீட்டியது எண்ணி மகிழத்தக்கது. இவருடைய ஓவியங்கள் எண்ணூற்றின் மேற்பட்டவை இலண்டன் கியூ பூங்காவில் 1882 இல் திறக்கப்பட்ட மண்டபத்தில் இன்றும் உள்ளன.

மற்றவர் கொன்ஸ்டன்ஸ் கோர்டன்-கமிங் அம்மையார். ஸ்கொத்லாந்தின் வடபாகத்தில் உயர்குடியொன்றில் 1837 இற் பிறந்தவர். 1870களிற் கொழும்பு அத்தியட்சரின் அழைப்பின்மேல் இலங்கைக்கு வந்து, நாட்டின் பல பகுதிகளையும் பார்த்து, சிவனொளிபாத மலைக்கும் ஏறினார்.

இவ்விருவரையும் தனித்துச் சென்ற பெண்மணிகள் என்று நூல்கள் போற்றும். அவர்தம் துணிவு போற்றத்தக்கதே. அக்காலத்து ஆங்கிலக் குடும்பங்களிற் பெண்ணொருத்தி ஆண்துணையின்றி அடுத்த ஊருக்குச் செல்லுதலும் பேச்சுக்கிடமாகும். ஆயினும் ‘தனித்து’ என்னுஞ் சொல்லைச் சற்றே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். பெட்டியைத் தூக்கியவன், வண்டியை ஓட்டியவன், தங்குமடத்திற் சோறு சமைத்தவன், மலைவழியில் விளக்கேந்தி முன் நடந்தவன் ஆகியோர் துணையாக எண்ணப்படுவதில்லை. தேசாதிபதி முதல் தோட்டத் துரை வரை அனைவர் வாயிலையும் திறக்கவல்ல அறிமுகக் கடிதங்களும் அவ்வகைப் பிரயாணிகளின் கையில் இருந்தன. அக்காலத்துத் தனிமை இத்தகையது.

இனி, அதே ஸ்கொத்லாந்தின் வடகீழ்ப் பகுதியிலிருந்து வந்த மற்றொருவரை நோக்குவோம். ஜேம்ஸ் டெய்லர் 1835 மார்ச்சு 29 இற் கின்கார்டின் பகுதியில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தவர். 1851 ஒக்தோபரில் மூன்றாண்டு ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டுக் கப்பலேறி, 1852 பெப்புருவரியில் இலங்கையை அடைந்தபோது அவருக்குப் பதினேழு வயது நிரம்பவில்லை. சின்னாட்களில் லூல்கந்துரைக்கு அனுப்பப்பட்டார். அப்பொழுது அது கோப்பித் தோட்டம். மூன்றாண்டு முடிந்தது, பத்தாண்டு முடிந்தது, நாற்பதாண்டும் முடிந்தது. அவர் தம் தாய்நாட்டை மீண்டுங் காணவேயில்லை. தந்தையாருக்கு எழுதிய கடிதங்கள் மாத்திரம் ஸ்கொத்லாந்துக்குச் சென்றன. அவற்றைக் குடும்பத்தார் பேணிவைத்தமையாலேயே அவர் வரலாற்றை இன்று அறிய முடிகின்றது.

நாற்பதாண்டுப் பணியில் டெய்லர் இலங்கையை விட்டு வெளியே சென்ற விடுமுறை ஒன்றே ஒன்று. அது 1874 இல் நிகழ்ந்தது. சென்ற இடம் டார்ஜிலிங். சமவெளியிலிருந்து அம்மலைக்கு அக்காலத்தில் இருப்புப்பாதை இல்லை. அது 1881 இலேயே நிறைவெய்தியது. கல்கத்தா வரை கடலிற் சென்று, அங்கிருந்து நெடுவழி கடந்து, இமயத்தின் அடிவாரத்தை அடைந்த அவர் ஆங்குக் காண விரும்பியது பனிமுடி தரித்த சிகரங்களையன்று. தேயிலைச் செடியையும் அதனைப் பக்குவஞ் செய்யும் முறையையுமே. ஒரு தோட்டத்தினின்றும் புறப்பட்டு மற்றொரு தோட்டத்தைப் பார்த்துத் திரும்புவதை விடுமுறை என்று சொல்லுதல் எத்துணைப் பொருந்தும்? பிறர் அதனை அவருடைய பணிப்பற்றுக்குச் சான்றாகக் காட்டுவர். அது பொய்யன்று. ஆனால் ஓய்வு என்பது இன்னதென்று அறியாத வாழ்வாகவும் அது தோன்றுகின்றது.

அவர் தேயிலையைக் கையாளக் கற்ற விதமும் இங்கு நினைக்கத்தக்கது. தொடக்கத்தில் தொழிற்சாலை என்று தனியே ஒன்றில்லை. அவர் வீட்டு விறாந்தையே தொழிற்சாலை. கொழுந்தை மேசை மேற் பரப்பி, மணிக்கட்டு முதல் முழங்கை வரை அழுத்திக் கையால் உருட்டுவர். பின்னர்க் களிமண் அடுப்பிற் கரித்தணலின் மேல் வாட்டுவர். 1872 அளவில் உருட்டும் பொறியொன்றைத் தாமே அமைத்துக்கொண்டார். இலண்டன் சந்தைக்கு 1873 இற் சென்ற தேயிலை 23 இறாத்தல். இத்தனைக்கும் அக்காலத்திற் கோப்பியே அரசு செலுத்தியது. 1869 இற் கோப்பி இலையில் தோன்றிய பூஞ்சண நோய் ஒவ்வொரு தோட்டமாகப் பற்றி அழித்தபின்னரே துரைமார் கலஹாப் பக்கந் திரும்பிப் பார்த்தனர். 1875 இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கராயிருந்த தேயிலை, இருபதாண்டிற் கிட்டத்தட்ட மூன்று இலட்சம் ஏக்கராகப் பெருகியது.

இம்மாற்றத்தின் விளைவுகளுள் ஒன்று போதிய அளவு எடுத்துரைக்கப்படவில்லை. கோப்பி ஆண்டிற்கொரு பருவத்திற் பழுக்கும் பயிர். ஆகவே தென்னிந்தியத் தொழிலாளர் பழம் பறிக்கும் பருவத்தில் வந்தனர். பறித்து முடித்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். தொண்டி, இராமேசுவரம் முதலிய துறைகளில் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, மலையேறுவர். நீரின்மையும் காய்ச்சலும் பேதியும் வழிநெடுகிலும் உயிர் குடித்தன. அவ்வழியின் முதற்கூறு வடமாகாணத்து மண்ணிலேயே கிடந்தது என்பதை யாழ்ப்பாணத்தவர் நினைவிற் கொள்ளுதல் தகும். துன்பம் மிக்கதாயினும் அந்நடைக்கு இரண்டு திசைகள் இருந்தன. சென்றவன் மீண்டான்; உழவுக்கும் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் ஊரில் இருந்தான்.

தேயிலை அத்தகையதன்று. ஏழு முதற் பத்து நாட்களுக்கொருமுறை ஆண்டு முழுதும் கொழுந்து பறித்தாக வேண்டும். பறித்ததை அன்றே தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்லுதலும் வேண்டும். ஒரு கிழமை கை ஓய்ந்தால் இலை முற்றிப் பயனிழக்கும். எனவே பருவந்தோறும் வந்து போகுங் கூட்டம் தோட்டத்துக்கு ஒவ்வாததாயிற்று. பெண்டிர் பிள்ளைகளோடு லயங்களில் நிலையாக வாழுங் குடும்பங்களே வேண்டப்பட்டன. வழிச்செலவும் முற்பணமும் கங்காணியிடத்துக் கடனாயின. கடனைக் குறிக்குந் துண்டு இன்றி வேறு தோட்டம் புகல் அரிதாயிற்று. அத்துண்டு முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது. டெய்லர் டார்ஜிலிங் சென்று மீண்டார். அவர் பேணி வளர்த்த பயிரோ, அவரிடத்துப் பணிசெய்தோரின் மீள்வழியை மெல்ல மெல்ல அடைத்தது. இது அவர் எண்ணிச் செய்த தீங்கு எனக் கூறுதல் நேர்மையாகாது. பயிரின் இயல்பும் முதலாளிகளின் கணக்குமே இதனை விளைத்தன. அவரும் அக்கணக்கில் ஓர் இலக்கமாகவே இருந்தார் என்பது பின்னர் நிகழ்ந்தவற்றால் விளங்கும்.

அது நிகழ்ந்த ஆண்டு 1892. தோட்ட உரிமையாளர் டெய்லரை விடுப்பிற் செல்லுமாறு பணித்தனர். அதன் உட்பொருள் பணிநீக்கம் என்பதை உணர்ந்த அவர் இணங்கவில்லை. மனமுடைந்திருந்த நிலையில் வயிற்றுளைவு நோயுற்று, மே 2 இல் லூல்கந்துரையிலேயே உயிர்நீத்தார். பருத்த உடலினராகிய அவருடைய பேழையைத் தோட்டத் தொழிலாளர் பன்னிருவர் பன்னிருவராக இரு பிரிவாகி, மாறி மாறித் தோளிற் சுமந்து, 18 மைல் நடந்து கண்டிக்குக் கொண்டு சென்றனர். மகியாவையிலுள்ள இடுகாட்டில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். இலங்கையில் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி என்று கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது. சுமந்து சென்ற இருபத்துநால்வர் பெயருங் கல்லில் இல்லை.

அதே 1892 இல் இலண்டனிலும் எடின்பரோவிலும் நூல்கள் வெளிவந்தன. இரண்டாண்டுகளுக்கு முன் இறந்துவிட்ட மரியான் நோர்த்தின் நினைவுக் குறிப்புக்களை அவர் தங்கையார் பதிப்பித்தார். கோர்டன்-கமிங் அம்மையாரின் இலங்கை யாத்திரை நூலும் அவ்வாண்டிலேயே வந்தது. முன்னதன் பெயர் மகிழ்வான வாழ்வொன்றின் நினைவுகள் எனப் பொருள்படும். பின்னதன் பெயர் இலங்கையிற் கழித்த மகிழ்வான இரண்டாண்டுகளைக் குறிக்கும். மகிழ்ச்சி இரண்டு தலைப்பிலும் இடம்பெற்றமை தற்செயலாயிருக்கலாம். ஆயினும் அச்சொல்லைத் தலைப்பில் இட வல்லோர், மீளும் நாளைத் தாமே குறித்துக்கொள்ளும் உரிமை வாய்ந்தவராயிருந்தனர்.

லூல்கந்துரையில் டெய்லர் முதலில் நட்ட நிலமும், அவர் குடியிருந்த மனையின் இடிபாடும், அவர் அமர்ந்து மலைகளை நோக்கிய கல்லிருக்கை என்று காட்டப்படும் இடமும் இன்று காட்சிப் பொருள்கள். பிறநாட்டார் தோளிற் பையுடன் தனித்தே வந்து, கலஹா வழியாக ஏறி, அவ்விருக்கையில் அமர்ந்து படம் எடுத்துச் செல்கின்றனர். அவர்கள் கண்முன் சரிவிற் கொழுந்து பறிப்போர், நடந்து வந்தோரின் ஐந்தாம் ஆறாந் தலைமுறையினர்.

அத்தலைமுறையினரின் முன்னோர்க்கும் ஒரு கடற்பிரயாணம் விதிக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலைநாட்டுத் தமிழர் குறித்து, 1964 ஒக்தோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்தனர். 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும், எஞ்சிய 150,000 பேர் நிலையைப் பின்னர் ஆராய்வதென்றும் அதிற் கண்டது. தாம் ஒருபோதும் கண்டிராத ஊருக்குப் பலர் தலைமன்னாரிற் கப்பலேறித் ‘திரும்பினர்’. அவர்களுக்குத் தொழில் அளித்தற்பொருட்டுத் தமிழ்நாட்டு வனத்துறை 1968 முதல் நீலகிரியில் காட்டைத் திருத்தித் தோட்டங்களை அமைத்தது. கண்டிச் சீமையிற் பழகிய விரல்கள் கோத்தகிரிப் பக்கத்திலுங் கூடலூர்ப் பக்கத்திலும் மறுபடியும் தேயிலைக் கொழுந்தையே கிள்ளத் தொடங்கின.