மீனின் உடல் கூறும் சாட்சி



நீர் நஞ்சாயிற்று என்பதை மனிதன் நெடுங்காலம் மீனின் சாவைக் கொண்டே அறிந்து வந்தான். ஆய்வுகூடத்திலும் அதுவே முறையாயிற்று. தொட்டியில் விட்ட மீன்களிற் பாதி மாள்வதற்கு எவ்வளவு நஞ்சு வேண்டும் என்று கணக்கிட்டார்கள். செத்த மீன் பொய் சொல்லாது. ஆனால், அது காலங்கடந்து வரும் சாட்சி. நான் விஞ்ஞானம் பயின்றவனல்லன், வரலாறு பயின்றவன். சாட்சிகளைத் தேடுவதும் விசாரிப்பதும் வரலாற்று மாணவனின் தொழிலாதலால், முந்திவரும் சாட்சியொன்றை விஞ்ஞானிகள் கண்டடைந்த கதையை இங்கே கூற விரும்புகின்றேன்.

அச்சாட்சி புரதமாகும். உயிரணுவின் வேலைகளுட் பெரும்பாலானவற்றைச் செய்வன புரதங்களே. நஞ்சு உட்புகுந்ததும் உயிரணு சில புரதங்களை மிகுதியாக ஆக்கும், சிலவற்றைக் குறைக்கும். சாவு நெருங்குமுன்னரே இம்மாற்றம் தோன்றிவிடும். ஆனால், ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கையில் ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிவது எவ்வாறு?

சுவீடன் நாட்டு ஆர்னே திசேலியஸ் 1937 இல் மின்சாரத்தின் துணைகொண்டு இரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டினார். 1948 இல் நோபல் பரிசும் பெற்றார். 1975 இல் ஓபாரல் என்பார் புரதங்களை மின்னேற்றத்தின்படி ஒருமுறையும் பருமனின்படி மறுமுறையும் பிரித்து, ஒரே படத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகளாகக் காட்டினார். ஒவ்வொரு புள்ளியும் எப்புரதம் என்பதைத் திணிவு நிறமாலைமானி பின்னர் எடுத்துக் கூறிற்று. அக்கருவியைப் புரத ஆய்வுக்கு ஏற்றதாக்கிய பென், தனாக்கா ஆகிய இருவரும் 2002 ஆம் ஆண்டின் நோபல் பரிசிற் பங்குபெற்றனர்.

இச்சாட்சியின் வலிமையைப் பிரித்தானிய ஆறுகள் உணர்த்தின. கழிவுநீர் வந்து சேருமிடங்களிற் கூடுகளில் வைக்கப்பட்ட ஆண் திரவுட் மீன்களின் இரத்தத்திலே, பெண் மீனுக்கே உரிய முட்டைக்கருப் புரதம் மிகுந்திருந்ததை 1994 இல் வெளியான ஆய்வு அறிவித்தது. மீன்கள் சாகவில்லை. ஆயினும், பெண்மைச் சுரப்பின் தன்மையுடைய பொருள்கள் நீரிற் கலந்திருப்பதை அப்புரதம் வெளிப்படுத்திற்று.

இதற்கிடையில் புதியதொரு பொருள் நீரை அடையத் தொடங்கிற்று. அதுவே நனோ துணிக்கை. ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். நூறு நனோமீற்றருக்கு உட்பட்டவை இத்துணிக்கைகள். கிருமிகளைக் கொல்லும் வெள்ளித் துணிக்கைகளைக் காலுறைகளிலும் சேர்த்தார்கள். துவைக்கும்போது அவை நீரோடு சென்றன.

2004 இல் ஐக்கிய அமெரிக்காவிலே, அறுபது காபன் அணுக்களாலான பந்து போன்ற துணிக்கைகள் இளம் பாஸ் மீன்களின் மூளைக் கொழுப்பைத் தாக்கியதாக ஓர் ஆய்வு கூறிற்று, உலகம் அஞ்சிற்று. ஆனால், 2007 இல் வரிக்குதிரை மீனின் குஞ்சுகளில் மரபணுக்களின் செயற்பாட்டை ஆராய்ந்தோர், அத்தகைய கலவையிற் காணப்பட்ட கேடு துணிக்கையால் அன்று, அதனை நீரிற் கலக்கப் பயன்படுத்திய கரைப்பானின் சிதைவுப் பொருளால் நேர்ந்தது என்று காட்டினர். குற்றவாளி யாரென்று தீர்ப்பதற்கு ஒரு சாட்சியம் போதாது என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ?

வெள்ளியிலும் இதே வினா எழுந்தது. கேடு செய்வது துணிக்கையா, அதினின்று கரைந்து வெளிவரும் வெள்ளி அயனா? போத்துக்கல் நாட்டு ஆய்வாளர் மட்டிகளை இரு பிரிவாக்கி, 15 நாள் ஒரு பிரிவுக்குத் துணிக்கையையும் மற்றதற்கு அயனையும் கொடுத்தனர். செவுளிலும் சமிபாட்டுச் சுரப்பியிலும் மாறிய புரதங்கள் பெரும்பாலும் வெவ்வேறாக இருந்தன. 2013 இல் வெளியான இவ்வாய்வினால், துணிக்கைக்கு அயனின் வேறான ஒரு வழியும் உண்டு என்பது புலனாயிற்று. இறந்த மட்டிகளை எண்ணுவதால் மட்டும் இவ்வேற்றுமையை அறிந்திருக்க முடியாது.

ஆயினும் புரதமும் விசாரணைக்கு உட்பட்ட சாட்சியே. வெப்பநிலை மாறினாலும் உணவு குறைந்தாலும் புரதங்கள் மாறும். மாற்றம் எல்லாம் நோயன்று. உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியாகவும் இருக்கலாம். ஆதலால், நஞ்சு படாத உயிர்களோடு ஒப்பிட்டே தீர்ப்புக் கூறவேண்டும்.

செத்து மிதக்கும் மீனுக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. உயிரோடு நீந்தும் மீன் கூறும் சாட்சியைக் கேட்டால், அதனையும் காக்கலாம். அந்நீரை நம்பி வாழும் நம்மையும் காத்துக்கொள்ளலாம்.