'அவன்'னா அவளும் சேர்த்தியா?

வக்கீல்கள் தங்களோட ப்ரொஃபைல்ல 'ஹீ', 'ஷீ', 'தே'ன்னு போட்டுக்கணுமா? வெட்டி வேலைங்கறாங்க நண்பர்கள். ஒரு பழைய கேஸைப் பாத்துட்டு முடிவு பண்ணலாமே.

1916. பி.எல். முடிச்ச ரெஜினா குஹா, ப்ளீடராப் பதிவு செய்யச் சொல்லி விண்ணப்பிச்சாங்க. விஷயம் கல்கத்தா ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. 1879 வக்கீல் சட்டத்துல இருந்ததெல்லாம் 'ஹீ'தான். ஆனா, ஆண்பால் சொல் பெண்ணையும் குறிக்கும்னு 1868லயே பொதுவிதி இருந்தது, 'சூழலுக்கு முரணா இல்லாதவரை'ங்கற கொக்கியோட. அஞ்சு நீதிபதிகளும் முடியாதுன்னுட்டாங்க. 1921ல பாட்னாவுல சுதான்ஷுபாலா ஹஸ்ராவுக்கும் அதே பதில். பெண்ங்கற காரணத்துக்காகத் தடுக்கக்கூடாதுன்னு தனிச்சட்டம் வர 1923 ஆச்சு.

ஆக, 'ஹீ'ல எல்லாரும் அடக்கம்னு சொன்னாலும் உரிமைன்னு வந்ததும் கதவைச் சாத்திட்டாங்க. 'சின்ன வார்த்தைதானே'ன்னு என்னால சொல்ல முடியலை.

2018ல சத்யஸ்ரீ ஷர்மிளா நம்ம தமிழ்நாட்டுல பதிவு செஞ்சு, நாட்டின் முதல் திருநங்கை வக்கீல் ஆனாங்க. 2020ல கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கோர்ட்டுகள், வக்கீல்கள் தங்களை எப்படிக் குறிப்பிடணும்னு ஆரம்பத்துலயே சொல்லச் சொல்லிடுச்சு.

என் கட்சி: கட்டாயம் வேண்டாம், வெளிய சொல்ல விரும்பாதவங்களும் இருப்பாங்க. ஆனா போடறவங்களைக் கிண்டல் பண்ணாதீங்க. நமக்கு 'அவர்' இருக்கு, தப்பிச்சோம். இங்கிலீஷ்காரங்க பாவம் :-)

நீங்க என்ன சொல்றீங்க?