டோல்ஸ்டோய் பண்ணையின் பெண்கள்

1907இல் ட்ரான்ஸ்வாலில் நடைமுறைக்கு வந்த ஆசியர் பதிவுச் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றோரில் தமிழரின் தொகை பெரிது. குடும்பத்தலைவன் சிறைக்குப் போனால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? தொடக்கத்தில் அக்குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் வழங்கப்பட்டது. 1910ஆம் ஆண்டளவில் கையிருப்பு கரையத் தொடங்கியது. போராட்டம் எப்போது முடியும் என்றும் எவருக்கும் தெரியாது. அந்த நெருக்கடியில் பிறந்ததே டோல்ஸ்டோய் பண்ணை.

காந்தியின் நண்பரான ஜெர்மானிய யூதக் கட்டடக் கலைஞர் ஹெர்மன் கலன்பாக், 1910 மே 30இல் தமது 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிக் கொடுத்தார். ஜோகன்னஸ்பேர்க்கிலிருந்து 21 மைல். அருகில் லோலி புகையிரத நிலையம். தோடை, அப்ரிகொட், பிளம் என ஏறத்தாழ ஆயிரம் கனிமரங்கள் அங்கே நின்றன. வீடோ ஒரேயொரு சிறியது. நம் நாட்டில் வெயில் கொளுத்தும் ஜூன், ஜூலை மாதங்கள் அங்கே கடுங்குளிர்காலம். தகரக் கொட்டகைகள் எழும்பும்வரை கூடாரங்களிலேயே படுத்தனர்.

வேலைக்காரர் எவரும் இல்லை. சமையல் முதல் மலக்கழிவு புதைப்பது வரை எல்லாம் தங்கள் கைகளாலேயே. ஊற்று 500 யார் தொலைவில் இருந்தது. தண்ணீரைக் காவுதடியில் சுமந்தார்கள். தவிடு நீக்காத கோதுமையைக் கை ஆலையில் அரைத்துப் பாண் சுட்டார்கள். வெண்ணெய்க்குப் பதிலாக வறுத்து அரைத்த நிலக்கடலை, அதாவது நமது கச்சான். தோட்டத்துத் தோடம்பழத்தில் மாமலேட். பட்டணத்துக்குச் சொந்த வேலையாகப் போவோர் அதிகாலை இரண்டு மணிக்கு இந்தச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு நடையாகவே புறப்படுவர். 21 மைலுக்கு ஆறேழு மணித்தியாலம் ஆகும். ஒருவர் நான்கு மணி பதினெட்டு நிமிடத்தில் நடந்து முடித்ததும் உண்டு. மிச்சப்பட்ட புகையிரதக் கட்டணம் போராட்டத்துக்கு உதவியது.

ரமழானும் இந்துக்களின் சிராவண மாதமும் சேர்ந்து வந்த ஓராண்டில், முஸ்லிம் சிறுவர்களுடன் மற்றவர்களும் பகற்பொழுதில் உபவாசம் இருந்தனர். முஸ்லிம் அல்லாதவர்கள் சூரியன் மறையுமுன்பே உண்டு முடித்துவிடுவார்கள். நோன்பு திறக்கும் நண்பர்களுக்குப் பலகாரம் செய்து பரிமாற நேரம் வேண்டுமல்லவா? இறைச்சி உண்ணும் வழக்கமுள்ள கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்களும் பண்ணையில் மரக்கறி உணவுக்கு உடன்பட்டனர். விரும்பினால் மாட்டிறைச்சியும் ஏற்பாடு செய்யலாம் என்பதே காந்தியின் நிலை. வேண்டாம் என்றவர்கள் அவர்களே.

பள்ளியில் காந்தியே தமிழ் கற்பித்தார் என்பது சற்றுப் புன்னகைக்க வைக்கும். கப்பற் பயணங்களிலும் சிறையிலும் போப்பையரின் கைந்நூலைக் கொண்டு கற்ற தமிழ் அவருடையது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த தமிழ்ச் சிறுவர்களுக்கு எழுத்தும் சிறிது இலக்கணமும் சொல்லித்தர அது போதுமாக இருந்தது.

1912இல் கோகலே வந்தபோது நிலையத்திலிருந்து நடந்து, மழையில் நனைந்து, குளிர் பிடித்து உடல் நலம் குன்றினார். 1913 தொடக்கத்தில் காந்தி பீனிக்ஸுக்குப் போய்விட, பண்ணை வாழ்வு ஓய்ந்தது.

பலர் இந்தக் கதையை இங்கே நிறுத்திவிடுகிறார்கள். காந்தியையும் கலன்பாக்கையும் பற்றி எழுதியவர்கள், அந்த அடுப்படியில் நின்றவர்களைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை என்பது என் குறை. அதே ஆண்டு, கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லாது என்ற தீர்ப்பை அடுத்துப் போராட்டம் மீண்டும் மூண்டபோது, காந்தி முதலில் அழைத்தது இந்தப் பண்ணையில் வாழ்ந்த பெண்களையே. பதினொரு பேர், ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழர், அறுவரின் கையில் குழந்தை. அனுமதிச்சீட்டு இன்றி எல்லை கடந்தும் முதலில் கைது செய்வாரில்லை. பின்னர் நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே மூன்று பவுண் தலைவரியைப் பற்றிப் பேசினர். தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். ஒக்டோபரில் கைதான இப்பெண்களுக்கு மூன்று மாதச் சிறை, மாரிட்ஸ்பேர்க்கில் கிடந்தனர்.

காந்தி தமது நூலில் பதினொருவரின் பட்டியலைத் தந்திருக்கிறார். திருமதி தம்பி நாயுடு, திருமதி என். பிள்ளை, திருமதி கே. முருகேச பிள்ளை என்று அது போகிறது. மணமாகாத இருவரைத் தவிர மற்ற ஒன்பது பேரும் அதில் கணவரின் பெயராலேயே நிற்கிறார்கள்.